கைபேசியின் திறவுகோல்

ஒரு வீட்டிற்கு உரியவர் யார் என்று கேட்டால், உறுதிப்பத்திரம் யார் பெயரில் உள்ளதோ அவரே என்பது சட்டம் கூறும் விடை. நள்ளிரவில் அவ்வீட்டின் கதவைத் திறந்து உள்ளே செல்லவல்லவர் யார் என்று கேட்டால், விடை வேறாகவும் இருத்தல் கூடும். உறுதி ஒருவரது பெட்டகத்திலும் திறவுகோல் இன்னொருவர் மடியிலும் இருக்குமாயின், உரியவர் தம் சொந்த வீட்டிலேயே வாடகைக்குக் குடியிருப்பவர் போலாகிவிடுவர். இன்று கோடிக்கணக்கான மக்களின் சட்டைப்பையில் உறையும் திறன்பேசியின் நிலை பெரும்பாலும் இத்தகையதே. விலை கொடுத்து வாங்கியவர் ஒருவர்; அதன் உட்கதவைத் திறக்கும் உரிமை உடையவர் மற்றொருவர்.

இக்கூற்று மிகையன்று. 2021 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் டப்ளின் நகரத்து டிரினிற்றிக் கல்லூரியின் கணினியியற் பேராசிரியர் டக்ளஸ் லீத் ஓர் ஆய்வுரையை வெளியிட்டார். கூகிள் நிறுவனத்தின் அன்ட்ரொயிட் முறைமையில் இயங்கும் திறன்பேசியும் அப்பிள் நிறுவனத்தின் ஐபோனும் அவ்வாய்விற்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. தகவல் அனுப்புதலை இயன்றவரை குறைக்கும்படி இரண்டும் ஒழுங்குசெய்யப்பட்டன. எவரும் தொடாமல் வாளா கிடந்த நேரத்திலும் அவை சராசரியாக நாலரை நிமிடத்திற்கு ஒருமுறை தத்தம் நிறுவனங்களோடு தொடர்புகொண்டு செய்தி அனுப்பிக்கொண்டிருந்தன. கருவியின் அடையாள எண், சிம் அட்டையின் எண், தொலைபேசி இலக்கம் முதலியன அச்செய்திகளில் அடங்கியிருந்தன. கருவி ஒழுங்காக இயங்குவதற்கும் அதன் பாதுகாப்பிற்கும் இத்தகைய தொடர்பு இன்றியமையாதது என்று கூகிள் நிறுவனம் விளக்கங் கூறிற்று. அவ்விளக்கத்தில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும், உறங்கும் வீட்டிலிருந்து ஓயாது தூது செல்லுகின்றது என்பதனை அவ்வீட்டார் பலர் அன்றுதான் அறிந்தனர்.

இந்நிலை எவ்வாறு உண்டாயிற்று? இதனை மாற்ற முயன்றவர்கள் யாவர்? அவர்கள் பெற்ற வெற்றி எவ்வளவு? தமக்கென ஒரு மாற்று முறைமையைத் தேர விரும்புவோருக்கு அவர்தம் வரலாறு எதனைக் கற்பிக்கின்றது? இவையே ஈண்டு ஆராயத்தக்கன.

திறன்பேசி என்பது பேசுதற்குரிய கருவி மட்டுமன்று. அது கையடக்கமான ஒரு கணினி. ஒலிவாங்கி, ஒளிப்படக்கருவி, இடத்தைக் கணிக்கும் உறுப்பு, நினைவகம் ஆகிய யாவும் அதனுள் அமைந்துள்ளன. இவ்வுறுப்புகளை ஆளும் மென்பொருளைப் பணிசெயல் முறைமை என்பர். இயங்குதளம் எனவும் வழங்குவர். ஒரு செயலி ஒலிவாங்கியைப் பயன்படுத்த விரும்பினால், முறைமையின் இசைவைப் பெற்றே பயன்படுத்தல் வேண்டும். ஆகவே முறைமை ஒரு வாயிற்காவலனை ஒத்தது. செயலிகள் விருந்தினர் போன்றவை. அவற்றை வாயிலிலே தடுத்து நிறுத்தலாம். காவலனே பிறருக்கு ஊழியஞ் செய்பவனாயின் அவனைத் தடுப்பார் எவருமிலர். இக்காரணத்தாலேயே, அந்தரங்கத்தைப் பேண விரும்பியோர் செயலிகளை மாற்றுவதோடு அமையாது, முறைமையையே மாற்ற முற்பட்டனர்.

அன்ட்ரொயிட் முறைமை தனிச்சொத்தாக மட்டும் பிறந்ததன்று. 1983 ஆம் ஆண்டில் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டோல்மன், எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய கட்டற்ற மென்பொருள்களை ஆக்கும் முயற்சியை அறிவித்தார். 1991 இல் பின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் கருநிரலை எழுதி உலகினர்க்கு அளித்தார். 2003 இல் கலிபோர்ணியாவில் ஒரு சிறு நிறுவனமாகத் தோன்றிய அன்ட்ரொயிட், 2005 இல் கூகிளின் கைக்கு மாறியது. அது லினக்ஸ் கருநிரலை அடித்தளமாகக் கொண்டே கட்டப்பட்டது. 2008 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் முதலாவது அன்ட்ரொயிட் திறன்பேசி விற்பனைக்கு வந்த அதே வேளையில், அம்முறைமையின் மூலநிரலும் எவரும் எடுத்தாளுமாறு வெளியிடப்பட்டது. பலர் கூடிக் கட்டிய பொதுமண்டபம் போன்ற அம்மூலநிரலின்மேல், கூகிள் தனக்கே உரிய செயலிகளையும் சேவைகளையும் பூட்டிய அறைகளாக அமைத்தது. மண்டபம் யாவர்க்கும் பொது. அறைகள் ஒருவர்க்கே உரியவை. பின்வந்த பிணக்குகள் பலவற்றிற்கு வித்து இவ்வமைப்பிலேயே இருந்தது.

அம்முதற் கருவியின் வரலாற்றில் ஒரு வேடிக்கையான நிகழ்ச்சி உண்டு. எச்.ரி.சி. நிறுவனம் உருவாக்கிய அத்திறன்பேசியில், பயனாளர் விசைப்பலகையில் தட்டும் எழுத்துகள் யாவும், திரையிற் காணப்படும் இடத்திற்குச் செல்வதோடு, அனைத்து அதிகாரமும் உடைய ஒரு மறைவான கட்டளைத் தளத்திற்கும் சென்றுகொண்டிருந்தன. நண்பருக்கு மடல் எழுதும்போது ‘மீளத் தொடங்கு’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லைத் தனியே தட்டினால், கருவி உடனே அணைந்து மீளத் தொடங்கிற்று. அக்குறை விரைவிலே திருத்தப்பட்டது. அதற்குள், ஆர்வமுடைய நிரலாளர் அவ்வழியே புகுந்து கருவியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்றும் முறையைக் கண்டுகொண்டனர். தாம் வாங்கிய கருவியில் தாமே திருத்திய முறைமையை ஏற்றும் வழக்கம் இவ்வாறு தொடங்கிற்று.

அவர்களுள் பெரும்புகழ் எய்தியவர் ஸ்டீவ் கொண்டிக் என்னும் அமெரிக்க நிரலாளர். 2009 இல் அவர் வெளியிட்ட சயனோஜென்மொட் என்னும் முறைமை, விற்பனையாளர் தந்த முறைமையினும் விரைவும் வசதியும் உடையதெனப் பலராலும் பாராட்டப்பட்டது. அவ்வாண்டு செப்ரெம்பர் மாதத்தில் கூகிள் நிறுவனத்திடமிருந்து அவருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மூலநிரல் பொதுவுடைமை எனினும், அதனோடு சேர்த்து வழங்கப்பட்ட ஜிமெயில், வரைபடம், செயலிச் சந்தை முதலியன நிறுவனத்தின் தனிச்சொத்து என்றும், அவற்றை வழங்குதல் கூடாது என்றும் அக்கடிதம் கூறிற்று. கொண்டிக் அதற்கு இணங்கினார். தனிச்சொத்தானவற்றை நீக்கிவிட்டு முறைமையைத் தொடர்ந்து வெளியிட்டார். வேண்டுவோர் தத்தம் கருவியிலிருந்த செயலிகளைத் தாமே எடுத்துவைத்து மீளச் சேர்த்துக்கொண்டனர். பொதுவெளி எங்கே முடிகின்றது, பூட்டிய அறை எங்கே தொடங்குகின்றது என்பதனை இந்நிகழ்ச்சி முதன்முதலாக யாவர்க்கும் தெளிவாக்கியது. கூகிளின் செயலிகள் இல்லாமலும் ஓர் அன்ட்ரொயிட் கருவி இயங்குதல் கூடும் என்ற உண்மையும் உடன் வெளிப்பட்டது.

சயனோஜென்மொட் தன்னார்வலர் பலரின் உழைப்பால் வளர்ந்தது. 2013 இல் அதனை வாணிகமாக்கும் நோக்கோடு ஒரு நிறுவனம் அமைக்கப்பட்டது. முதலீட்டாளர் பெரும்பொருள் இட்டனர். 2014 இல் அம்முறைமையைத் தாங்கியே புதிய திறன்பேசி ஒன்று விற்பனைக்கும் வந்தது. ஆயின் வாணிக வெற்றி கிட்டவில்லை. 2016 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், நிறுவனம் தன் சேவைகள் யாவற்றையும் அம்மாத இறுதியோடு நிறுத்துவதாக அறிவித்தது. ஒரு வார கால அறிவித்தலில் பல்லாண்டு உழைப்பின் இருப்பிடம் மறைந்தது. மூலநிரல் பொதுவுடைமையாக இருந்தமையால், தன்னார்வலர்கள் அதனை எடுத்து லீனியேஜ் ஓ.எஸ். என்னும் புதுப்பெயரில் உடனே தொடர்ந்தனர். நிறுவனம் மாய்ந்தபின்னும் நிரல் மாயாது நின்றமை, திறந்த மூலநிரலின் தலையாய நன்மைக்குச் சான்றாகும். நன்மை இருந்தவிடத்து இடரும் இருந்தது: புதுப்பெயரைத் தேடி அறிந்து மாறாத பயனாளரின் கருவிகளுக்குத் திருத்தங்கள் வருவது நின்றுபோயிற்று.

இதுகாறும் கூறப்பட்டவை பெரும்பாலும் வசதியும் சுதந்திரமும் நாடியோரின் முயற்சிகள். 2013 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் எட்வர்ட் ஸ்னோடன் ஐக்கிய அமெரிக்காவின் ஒற்றாடல் ஆவணங்களை வெளிப்படுத்தியதன் பின்னர், அந்தரங்கம் என்பதே தலைமையான நோக்கமாக உருவெடுத்தது. பெரு நிறுவனங்களிடம் சேரும் தகவல், விளம்பரத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதனை மக்கள் உணர்ந்தனர்.

2010 முதல் முற்றிலும் கட்டற்ற மென்பொருளாலேயே ஒரு திறன்பேசி முறைமையை ஆக்க முயன்ற ரெப்ளிகன்ற் என்னும் குழுவினர், 2014 மார்ச்சு மாதத்தில் ஒரு செய்தியை வெளியிட்டனர். சாம்சங் நிறுவனத்தின் கலக்சி வகைத் திறன்பேசிகள் சிலவற்றில், வானலைத் தொடர்பை நடத்தும் மோடம் என்னும் உறுப்போடு பேசும் மூடிய நிரலொன்று, நினைவகத்திலுள்ள கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் அழிக்கவும் அம்மோடத்திற்கு வழிவிட்டிருந்தது என அவர்கள் கண்டனர். அவ்வழியை எவரேனும் தீமைக்குப் பயன்படுத்தினர் என்பதற்கு அவர்கள் சான்று காட்டவில்லை. முன்வாயிலில் எத்துணைக் காவல் இருப்பினும், பின்சுவரிலும் ஒரு கதவு இருக்கக்கூடும் என்பதே அக்கண்டுபிடிப்பு உணர்த்திய பாடம்.

2014 இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் இருவர் சேர்ந்து கொப்பர்ஹெட் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். அன்ட்ரொயிட் மூலநிரலை எடுத்து, தாக்குதல்களைத் தாங்கும் வண்ணம் அதன் சுவர்களை வலுப்படுத்துவது அவர்களது நோக்கம். டானியல் மிக்கே என்பவர் முதன்மை நிரலாளராக விளங்கினார். 2018 இல் நிறுவனத்தின் நெறியும் உரிமையும் பற்றி இருவருக்குமிடையே பிணக்கு முற்றியது. அப்போது மிக்கே செய்த செயல் இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். முறைமையின் ஒவ்வொரு புதிய வெளியீட்டையும் மெய்யானதென உறுதிப்படுத்தும் இலத்திரனியல் முத்திரைத் திறவுகோல்கள் அவர் பொறுப்பில் இருந்தன. அவற்றை அவர் அழித்துவிட்டார்.

இச்செயலின் பொருளை அறிதற்கு முத்திரை இயங்கும் முறையை அறிதல் வேண்டும். திறன்பேசி தொடங்கும்போது, தன்னுள் ஏற்றப்படும் முறைமை உரியவரின் முத்திரையைத் தாங்கியுள்ளதா என்று வன்பொருள் சோதித்துப் பார்க்கின்றது. முத்திரை பொருந்தாவிடின் எச்சரிக்கும். அல்லது தொடங்க மறுக்கும். புதிய திருத்தங்கள் வரும்போதும் அதே முத்திரை தேவை. ஆகவே முத்திரைத் திறவுகோலை உடையவர், அதனை நம்பிய ஒவ்வொரு கருவிக்குள்ளும் தாம் விரும்பியதை ஏற்றவல்லவராவர். அத்திறவுகோல் தகாதவர் கையிற் சேருமாயின் பயனாளர் அனைவரும் இடருறுவர் என்பதே அழித்தமைக்குக் கூறப்பட்ட நியாயம். அதன் விளைவு, பழைய முத்திரையை நம்பியிருந்த கருவிகளுக்கு அந்த வழியில் இனித் திருத்தம் வாராமை. பயனாளர் தம் கருவியைத் துடைத்து வேறு முறைமையை ஏற்றவேண்டியவராயினர். மிக்கே தம் பணியைத் தனியே தொடர்ந்தார். 2019 முதல் அது கிராபீன் ஓ.எஸ். என்னும் பெயரைப் பெற்றது.

கிராபீன் முறைமை, 2025 ஆம் ஆண்டு இறுதி வரை, கூகிள் விற்கும் பிக்சல் வகைத் திறன்பேசிகளில் மட்டுமே இயங்கி வந்தது. கூகிளை விட்டு விலக விரும்புவோர் கூகிளின் கருவியையே வாங்க வேண்டியிருத்தல் முரணாகத் தோன்றும். காரணம் பூட்டில் உள்ளது. மாற்று முறைமையை ஏற்றுவதற்குத் தொடக்கப் பூட்டைத் திறத்தல் வேண்டும். பெரும்பாலான திறன்பேசிகளில் ஒருமுறை திறந்த அப்பூட்டை, மாற்று முறைமை உள்ளிருக்கும்போது மீளப் பூட்டல் இயலாது. அந்நிலையில், கருவியைச் சிறிது நேரம் கையிற் பெற்ற ஒருவர் முறைமையைக் கெடுத்துவைத்தாலும் வன்பொருள் எச்சரியாது. பிக்சல் கருவிகளிலோ, புதிய முறைமையின் முத்திரையைப் பதிந்து பூட்டை மீளப் பூட்டலாம். மறைச்சொற்களைக் காக்கும் தனிப் பாதுகாப்புச் சில்லும் அவற்றில் உண்டு. இம்முறைமையில் ஒவ்வொரு செயலிக்கும் இணைய இணைப்பைத் தனித்தனியே மறுக்கலாம். 2021 முதல், கூகிளின் சேவைகள் வேண்டுவோர் அவற்றைத் தனிச்சலுகை எதுவுமில்லாத வெறும் செயலிகளாக ஏற்றிக்கொள்ளவும் வழி செய்யப்பட்டது. அதாவது, காவலனாக இருந்தவன் விருந்தினனாக இறக்கப்பட்டான்.

இதற்கு மாறான நோக்கோடு எழுந்தது பிரான்சு நாட்டவரான கயேல் டுவாலின் முயற்சி. 1998 இல் மண்ட்ரேக் என்னும் லினக்ஸ் வெளியீட்டை ஆக்கி, கணினி வல்லுநர் அல்லாதாரும் லினக்ஸைக் கையாள வழிசெய்தவர் அவர். 2017 இன் இறுதியில், தாம் அப்பிளையும் கூகிளையும் விட்டு விலகப்போவதாக அறிவித்துப் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். அதன் பயனாகத் தோன்றிய முறைமை ‘ஈ’ என்னும் ஆங்கில ஓரெழுத்தையே பெயராகக் கொண்டது. லீனியேஜ் முறைமையின்மேல் கட்டப்பட்ட அது, கூகிளின் சேவைகளுக்குப் பதிலாக மைக்ரோஜி என்னும் திறந்த மாற்றினைப் பயன்படுத்துகின்றது. பலவகைக் கருவிகளில் இயங்குகின்றது. முன்னரே ஏற்றப்பட்ட திறன்பேசிகளாகவும் விற்கப்பட்டு வந்துள்ளது. நிரலறிவு இல்லாத ஒரு முதியவரும் கையாளக்கூடியதாக இருத்தலே அதன் குறிக்கோள். பாதுகாப்புத் திருத்தங்கள் தாமதமாக வந்து சேருகின்றன என்ற குறையை வல்லுநர் சிலர் அதன்மேற் சுமத்தியுள்ளனர்.

மூன்றாவது முயற்சி ஒரு நீதிமன்ற வழக்கின் நிழலில் வளர்ந்தது. நியூயோர்க் நகரில் கலிக்ஸ் என்னும் சிறு இணையச்சேவை நிறுவனத்தை நடத்தியவர் நிக்கலஸ் மெரில். 2004 இல் எப்.பி.ஐ. என்னும் சமஷ்டிப் புலனாய்வுப் பணியகம் அவரிடம் ஒரு கடிதத்தைக் கையளித்தது. வாடிக்கையாளர் ஒருவர் பற்றிய தகவல்களை ஒப்படைக்குமாறும், அக்கடிதம் வந்த செய்தியை எவரிடமும் கூறலாகாது என்றும் அது பணித்தது. நீதிபதியின் ஆணை அதனோடு இருக்கவில்லை. மெரில் தகவலைத் தர மறுத்து, அமெரிக்கக் குடியியல் உரிமைகள் ஒன்றியத்தின் துணையோடு வழக்குத் தொடர்ந்தார். தம் பெயரைக் கூட வெளியிட இயலாமல், வழக்கேட்டில் பெயரிலியாகவே ஆறாண்டு வாழ்ந்தார். 2006 இல் பணியகம் தன் கோரிக்கையைக் கைவிட்டது. எனினும் 2010 இல்தான் தாமே அவ்வழக்காளி என்று கூறும் உரிமை அவருக்குக் கிட்டிற்று. 2015 இல் வாய்ப்பூட்டு முற்றாக அகற்றப்பட்டது. தகவல் ஒருவர் கையில் இருக்கும் வரை அதனைக் கேட்டு வருவாரும் இருப்பர் என்பதைத் தம் வாழ்விற் கண்டவர், தகவலே சேராத தொழில்நுட்பங்களை வளர்க்க 2010 இல் கலிக்ஸ் நிலையத்தை நிறுவினார். கலிக்ஸ் ஓ.எஸ். என்னும் முறைமை அந்நிலையத்திலிருந்து வெளிவந்தது.

அத்தகைய பின்னணி உடைய முயற்சியும் இடருக்கு விலக்காகவில்லை. 2025 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில், மெரில் நிலையத்தை விட்டு விலகியதை அறிவித்த கலிக்ஸ் குழுவினர், வெளியீடுகளை நிறுத்திவைத்தனர். முத்திரைத் திறவுகோல்கள் களவுபோயின என்று கருத இடமில்லை என்று கூறிய அவர்கள், ஆயினும் முத்திரையிடும் முறையைப் புதிதாக அமைக்கவேண்டியுள்ளது என்றும், அதுவரை பாதுகாப்புத் திருத்தங்கள் வாரா என்றும் வெளிப்படையாக அறிவித்தனர். கொப்பர்ஹெட்டின் கதை வேறொரு வடிவில் மீண்டும் நிகழ்ந்தது. ஒரு முறைமையைத் தேர்வோர் மென்பொருளை மட்டும் தேரவில்லை, அதனைப் பேணும் சில மனிதரையும் உடன் தேர்கின்றனர் என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒருங்கே காட்டுகின்றன.

பெயரை நம்பி அமைவதும் போதாது. டக்ளஸ் லீத், எடின்பரோப் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து 2021 ஒக்டோபரில் மற்றுமோர் ஆய்வை வெளியிட்டார். சாம்சங், சியோமி, ஹுவாவே, றியல்மி ஆகிய நிறுவனங்களின் அன்ட்ரொயிட் வடிவங்களோடு லீனியேஜ், ‘ஈ’ ஆகிய மாற்று முறைமைகளும் அதில் ஆராயப்பட்டன. ‘ஈ’ முறைமை மட்டும் ஏறக்குறைய ஒன்றும் அனுப்பாதிருந்தது. லீனியேஜ் முறைமையின் ஆக்குநர்க்குத் தகவல் செல்லவில்லை எனினும், அதன்மேல் வழக்கம்போலக் கூகிளின் செயலிகள் ஏற்றப்பட்டிருந்தமையால், கூகிளுக்குத் தகவல் சென்றுகொண்டேயிருந்தது. வீட்டைப் புதிதாகக் கட்டியவர் பழைய காவலனையே மீண்டும் வாயிலில் நிறுத்தியது போன்றது அது.

மாற்று முறைமைகள் கடைகளிற் காணப்படாமைக்கு மக்களின் அசட்டை மட்டும் காரணமன்று. 2018 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஐரோப்பிய ஆணைக்குழு கூகிள் நிறுவனத்தின்மீது 434 கோடி யூரோ தண்டம் விதித்தது. கூகிளின் செயலிகளை முன்னரே ஏற்றி விற்க விரும்பும் உற்பத்தியாளர், கூகிள் ஏற்காத அன்ட்ரொயிட் வடிவில் இயங்கும் ஒரு திறன்பேசியைத் தானும் விற்கலாகாது என்ற கட்டுப்பாடு, அத்தண்டத்திற்குரிய மூன்று குற்றச்சாட்டுகளுள் ஒன்றாகும். 2022 செப்ரெம்பரில் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் அத்தீர்ப்பைப் பெரும்பாலும் உறுதிசெய்து, தண்டத்தை 412.5 கோடி யூரோவாகக் குறைத்தது. அதே ஆண்டு நவம்பரில், இடங்காட்டும் வசதியை அணைத்துவிட்டதாக மக்கள் எண்ணியிருந்த வேளையிலும் அவர்தம் நடமாட்டம் பதியப்பட்டது என்னும் முறைப்பாட்டின் பேரில், அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்கு 39 கோடியே 15 இலட்சம் டொலர் செலுத்திக் கூகிள் இணக்கங் கண்டது. 2025 யூன் மாதத்தில் அன்ட்ரொயிட்டின் 16 ஆம் வெளியீட்டு மூலநிரல் வந்தபோது, முன்னெல்லாம் உடன் வந்த பிக்சல் கருவிகளுக்குரிய அமைப்புக் கோப்புகள் வரவில்லை. மாற்று முறைமை ஆக்குநரின் உழைப்பு அதனால் பன்மடங்காயிற்று. பொதுமண்டபத்தின் திறவுகோலும் கட்டியவர் விருப்பிற்கு உட்பட்டதே என்பது அப்போது நினைவூட்டப்பட்டது.

இவ்வரலாற்றினின்று, தேர்வு செய்வோர்க்கு வேண்டிய அளவுகோல்கள் தாமே புலப்படும். அஞ்சுவது எதற்கு என்பது முதற்கண் தெளியப்படல் வேண்டும். விளம்பர நிறுவனங்களின் கண்ணுக்குத் தப்பினாற் போதும் என்போருக்கும், கருவி பிறர் கையில் அகப்பட்டாலும் உள்ளடக்கம் வெளிப்படலாகாது என்று அஞ்சும் பத்திரிகையாளருக்கும் மருந்து ஒன்றன்று. முன்னவருக்கு ‘ஈ’ முறைமையின் எளிமை போதுமானதாகலாம். பின்னவருக்குக் கிராபீன் முறைமையின் அரண் வேண்டப்படும். பழைய கருவியை எறியாது இன்னுஞ் சில ஆண்டு பயன்படுத்த விரும்புவோர்க்கு லீனியேஜ் உதவும். ஆயின் அது ஏறும் கருவிகளிற் பெரும்பாலானவற்றின் தொடக்கப் பூட்டு திறந்தே கிடக்கும் என்பதையும், வன்பொருளுக்குரிய மூடிய நிரல்களின் திருத்தங்கள் உற்பத்தியாளர் நிறுத்தியபின் வாரா என்பதையும் அவர் அறிந்திருத்தல் வேண்டும்.

அடுத்து, முத்திரைத் திறவுகோல் யார் கையில் உள்ளது, பாதுகாப்புத் திருத்தங்கள் எத்துணை விரைவில் வருகின்றன, பணியாற்றுவோர் எத்தனை பேர், அவர்களுக்குப் பொருள் எங்கிருந்து வருகின்றது என்பன வினவத்தக்கன. இலவசமாகக் கிடைக்கும் முறைமை இலவசமாக ஆக்கப்படுவதன்று. நன்கொடையாளர் சிலரும் உறக்கம் துறந்த நிரலாளர் சிலரும் அதன் விலையைச் செலுத்துகின்றனர். ஒருவரை மட்டும் தூணாகக் கொண்ட கட்டடம், அவர் விலகும் நாளில் ஆட்டங்காணும்.

இழப்பையும் முன்னரே எண்ணுதல் நன்று. முறைமையை ஏற்றும்போது கருவியிலுள்ள படங்களும் மடல்களும் முற்றாக அழியும். அவற்றை முன்னரே படியெடுத்து வைத்தல் வேண்டும். கூகிளின் சான்றளிப்பைப் பெற்ற கருவிகளில் மட்டுமே இயங்குமாறு ஆக்கப்பட்ட வங்கிச் செயலிகள் சில, மாற்று முறைமைகளில் இயங்க மறுக்கின்றன. தம் வங்கியின் செயலி எந்நிலையில் உள்ளது என்பதனை முதலிலே தேர்ந்து தெளியாது முறைமையை மாற்றியோர், மறுமாதமே பழைய முறைமைக்குத் திரும்பியதும் உண்டு.

இவையாவும் செய்தபின்னும் எஞ்சும் குறை ஒன்றுண்டு. சிம் அட்டையுடைய எந்தத் திறன்பேசியும் அருகிலுள்ள கோபுரத்தோடு தொடர்புகொண்டாலன்றி அழைப்பைப் பெறாது. ஆகவே, கருவி ஏறத்தாழ எவ்விடத்தில் உள்ளது என்பதனைத் தொலைபேசிச் சேவை நிறுவனம் எப்போதும் அறியும். எந்த முறைமையும் அதனை மறைத்தல் இயலாது. மோடம் என்னும் உறுப்பு தனக்கே உரிய மூடிய நிரலில் இயங்குகின்றது; அதன் உள்ளடக்கத்தைப் பயனாளர் பார்த்தறிதல் அரிது. முறைமையை மாற்றியவர் பின்னர் எல்லாச் செயலிகளுக்கும் கேட்ட இசைவையெல்லாம் அளித்துவிடுவாராயின், மாற்றியதன் பயனும் குன்றிவிடும்.

அவ்வாறாயின் இவ்வளவு முயற்சியும் வீணோ எனின், அன்று. 2009 இல் ஓர் எச்சரிக்கைக் கடிதத்தைப் பெற்ற நிரலாளர், தம் பணியைக் கைவிடாது, பொதுவுடைமையானவற்றை மட்டும் கொண்டு தொடர்ந்தார். அதனால், நிறுவனம் தருவதே முறைமை என்ற நிலை மாறி, தெரிந்தெடுத்தல் என்ற ஒன்று உண்டாயிற்று. தெரிந்தெடுக்கும் வழி ஒன்று இருக்கும்போது, பெரு நிறுவனங்களும் தம் முறைமையில் இசைவு கேட்கும் வழக்கத்தைத் திருத்திக்கொள்ள நேரிடுகின்றது. முறைமையை மாற்றாதவரும் அந்நன்மையிற் பங்கு பெறுகின்றனர்.

பூரணமான காவல் எந்த வீட்டிற்கும் இல்லை. ஆயினும், தம் வீட்டுத் திறவுகோல்கள் எத்தனை, அவை யார் யார் கையில் உள்ளன என்பதனை அறிந்து வாழ்பவருக்கும் அறியாது வாழ்பவருக்கும் வேறுபாடு பெரிது. மாற்று முறைமை ஒன்றைத் தேர்வோர், திறவுகோலை முற்றாகத் தம் கைக்குள் கொண்டுவருவதில்லை. அதனை ஒரு பெரு நிறுவனத்திடமிருந்து வாங்கி, தாம் ஆராய்ந்து நம்பிய ஒரு சிறு குழுவினரிடம் ஒப்படைக்கின்றனர். அக்குழுவினர் நாளை பிரியவும் கூடும்; சோர்வடையவும் கூடும். அதனால், ஒருமுறை தேர்ந்ததோடு பணி முடிந்துவிடுவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறையேனும் கதவுகளைச் சோதித்துப் பார்க்கும் இல்லத்தாரைப்போல், நம்பிக்கை வைத்த இடத்தை மீள மீள ஆராய்வதும் அத்தேர்வின் ஒரு பகுதியேயாம்.